பூனைப் படம் வைப்பது கோழைத்தனமா?

கேள்வி: என் தம்பி முகம், முழுப்பெயர், வேலை பார்க்கும் இடம் எல்லாம் போட்டு இன்ஸ்டாகிராம் கணக்கு வைத்திருக்கிறான். என் கணக்கில் ஒரு பூப்படமும் இரண்டு எழுத்தும்தான். "உனக்குத் தன்னம்பிக்கையே இல்லை" என்கிறான். உண்மையா?
– ஒரு வாசகி

பதில்: இல்லவே இல்லை. ஒரு வாரம் அவருக்கு என்னென்ன மெசேஜ் வருகிறது, உங்களுக்கு என்னென்ன வருகிறது என்று இரண்டு போனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், போதும். 2006-ல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். சாட் அறைகளில் ஆண் பெயரிலும் பெண் பெயரிலும் கணக்குகளை விட்டார்கள். பெண் பெயருக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 100 ஆபாச, மிரட்டல் மெசேஜ்கள். ஆண் பெயருக்கு நாலுகூட இல்லை.

என் அக்கா மகள் புரொஃபைல் படம் மாற்றும்போது பக்கத்தில் இருந்தேன். சிரித்த முகம், அருமையான படம். பின்னால் வீட்டு எண் தெரிகிறது என்று ஓரத்தை வெட்டினாள், அப்புறம் தோள் தெரிகிறது என்று இன்னும் வெட்டினாள், கடைசியில் நெற்றியும் கண்ணும்தான் மிச்சம், அதையும் வேண்டாம் என்று பூனைப் படத்தை வைத்துவிட்டாள். இருபது நிமிடம் ஆனது. உங்கள் தம்பிக்கு இந்த வேலையே கிடையாது, அதனால்தான் அவருக்குப் புரியவில்லை. (ஆண்களுக்கும் ஒரு நெருக்கடி உண்டு: பைக், பதவி உயர்வு, ஜிம் என்று ஜெயித்த படமாகவே போட வேண்டும், மனசு சரியில்லை என்று ஒரு வரி எழுதினால் கேலி.)

ஆனால் ஒன்று எனக்கு வருத்தம். நீங்கள் வரைவீர்களோ எழுதுவீர்களோ, அந்த உழைப்பெல்லாம் இரண்டு எழுத்தின் பேரில் போய்ச் சேரக்கூடாது. வேலைக்கென்று முழுப்பெயரில் தனிக் கணக்கு தொடங்குங்கள். அதில் போன் நம்பர், இருக்கும் இடம், வீட்டு ஆட்கள் படம் எதுவும் வேண்டாம். பூப்படக் கணக்கு நெருங்கியவர்களுக்கு மட்டும் பூட்டியே இருக்கட்டும்.

கேள்வி: ஆன்லைன் கேமில் பெண் பெயரில் விளையாடுகிறேன். தப்பா சார்?
– ஒரு வாசகர்

பதில்: விளையாட்டில் வேஷம் போடுவது தப்பில்லை. ஆனால் ஒரு பெண்ணிடம்தான் பேசுகிறோம் என்று நம்பி யாராவது சொந்தக் கதை சொல்ல ஆரம்பித்தால், அந்த நிமிடமே நிறுத்தி உண்மையைச் சொல்லிவிடுங்கள். முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று இருக்காதீர்கள்.