வாக்கு இல்லாதவருக்கும் இங்கே வேலை இருக்கிறது

தம்பி, சியாட்டிலுக்கு வந்த சில மாதங்களிலேயே இப்படி ஒரு கேள்வி உங்களுக்கு எழுந்தது எனக்கு மகிழ்ச்சி. "முற்போக்கு அரசியலில் நம்மைப் போன்ற நிறத்தவர் முன்னணிக்கு வந்துவிட்டார்கள் என்று அலுவலகத்தில் பெருமைப்படுகிறார்கள். அதே ஆட்கள், விசாவில் வந்தவன் அரசியல் பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்று எச்சரிக்கவும் செய்கிறார்கள். இதில் எனக்கு என்ன இடம்? என் மனைவி ஏதாவது ஒரு பிரசாரத்தில் உதவ விரும்புகிறாள், செய்யலாமா?" என்று கேட்டிருந்தீர்கள்.

பெருமையில் இருந்தே தொடங்குகிறேன். கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தா துளசேந்திரபுரத்துக்காரர் என்பதால் நம் மக்கள் அங்கே பூசை செய்தார்கள். அந்த அன்பை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் விவேக் ராமசாமியும் நிக்கி ஹேலியும் நம் நிறத்தவர்கள்தான். அவர்கள் நிற்பது எதிர்ப்பக்கமான குடியரசுக் கட்சியில். முகத்தைப் பார்த்து ஒருவருடைய அரசியலை முடிவு செய்ய முடியாது. யார் யாரோடு சேர்ந்து எதற்காகப் போராடினார்கள் என்று பாருங்கள். அதைத் தெரிந்துகொள்ள நீங்கள் வாழும் இந்த ஊரைவிட நல்ல இடம் இல்லை.

உங்கள் கவுண்டியின், அதாவது நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதியின், பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1852இல் கிங் கவுண்டி என்று பெயர் வைத்தது, அவ்வாண்டு துணைக் குடியரசுத் தலைவராகத் தேர்வான வில்லியம் ரூஃபஸ் கிங்கின் நினைவாக. அவர் அலபாமாவில் அடிமைகளை வைத்திருந்த பண்ணையார். 1986இல் கவுண்டி மன்றம் ஐந்துக்கு நான்கு என்ற வாக்கில், ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில், இனி இந்தப் பெயர் மார்ட்டின் லூதர் கிங்கைக் குறிக்கும் என்று தீர்மானித்தது. மாநிலச் சட்டமாக அது உறுதியாக 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கவுண்டி அனுப்பும் கடிதங்களில் ஒரு முகம் இருக்குமே, அது அவருடையதுதான்.

இந்த ஊரில் நால்வர் இருந்தார்கள். கறுப்பினத்தவரான லாரி காசெட், பிலிப்பினோ வம்சாவளியினரான பாப் சாண்டோஸ், பூர்வகுடியினரான பெர்னி ஒயிட்பேர், லத்தீன் சமூகத்தைச் சேர்ந்த ராபர்ட்டோ மாயெஸ்டஸ். நான்கு சமூகங்களுக்கும் தனித்தனிக் குறைகள் இருந்தன. ஒருவருடைய போராட்டத்துக்கு மற்ற மூவரும் ஆட்களோடு வந்து நின்றார்கள் என்பதுதான் இவர்களின் பலம். 1970இல் ராணுவம் கைவிட இருந்த லாட்டன் கோட்டை நிலத்தில் பூர்வகுடிகளுக்குப் பங்கு கேட்டு ஒயிட்பேரும் தோழர்களும் உள்ளே புகுந்தார்கள். இன்று டிஸ்கவரி பூங்காவுக்குள் இருக்கும் டேபிரேக் ஸ்டார் மையம் அதன் பலன். 1972 அக்டோபரில் பீக்கன் ஹில்லில் பூட்டிக் கிடந்த ஒரு பள்ளிக்கட்டடத்தை மாயெஸ்டஸ் குழுவினர் கைப்பற்றினார்கள். வெப்ப வசதி இல்லாத அந்தக் கட்டடத்தில் சியாட்டில் குளிரில் மாதக்கணக்கில் இருந்தார்கள். கடைசியில் நகராட்சி ஆண்டுக்கு ஒரு டாலர் குத்தகைக்கு அதைக் கொடுத்தது. பீக்கன் ஹில் ரயில் நிலையத்தில் இறங்கினால் அந்தப் பழைய பள்ளிக்கூடம் எதிரிலேயே தெரியும். பக்கத்தில் மாயெஸ்டஸ் பெயரிலேயே குறைந்த வாடகை வீடுகளும் கட்டியிருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை மனைவியோடு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இந்த மண்ணில் வளர்ந்த அரசியல்தான் பிரமிளா ஜெயபால். சென்னையில் பிறந்த மலையாளி, பதினாறு வயதில் தனியாகப் படிக்க வந்தவர். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அரபு, முஸ்லிம், தெற்காசிய மக்கள்மீது வெறுப்பு பாய்ந்தபோது அவர் சியாட்டிலில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். ஆயிரக்கணக்கான சோமாலியர்களை நாடு கடத்துவதை எதிர்த்து அது வழக்காடி வென்றது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு அவர் தேர்வானது 2016இல்தான், அதாவது பதினைந்து ஆண்டு வேலைக்குப் பிறகு. பின்னர் காங்கிரஸின் முற்போக்கு அணிக்கே தலைவராக இருந்தார்.

புனேயில் பிறந்த க்ஷமா சாவந்த் வேறு ரகம். ஜனநாயகக் கட்சியையே ஏற்காத சோசலிஸ்ட். 2013இல் நகர மன்றத்துக்கு வென்றார். மணிக்குப் பதினைந்து டாலர் குறைந்தபட்சக் கூலி என்பதே அவருடைய முழக்கம். அடுத்த ஆண்டு ஜூனில் நகர மன்றம் அதை ஒருமனதாக நிறைவேற்றியது. விலைவாசியோடு சேர்ந்து உயரும்படி சட்டம் அமைந்ததால் 2025இல் அந்தக் கூலி 20.76 டாலராக இருந்தது. நீங்கள் காலையில் காபி வாங்கும் கடைப் பெண்ணுக்கும் குறைந்தது அவ்வளவாவது கிடைக்கும்.

சாவந்த் செய்தவற்றில் நம்மை நேராகத் தொட்டது சாதிச் சட்டம். 2023 பிப்ரவரி 21 அன்று, வேலை, வீடு, பொது இடங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்த முதல் அமெரிக்க நகரமானது சியாட்டில். ஆறுக்கு ஒன்று என்று வாக்கு விழுந்தது. இதற்காக நாடு முழுவதும் உழைத்தவர்களில் தமிழ் தலித் குடும்பத்தைச் சேர்ந்த தேன்மொழி சௌந்தரராஜன் முக்கியமானவர். "அமெரிக்காவில் சாதி ஏது?" என்று நம்மவர்களே எதிர்த்துப் பேசினார்கள். சாதி இல்லை என்றால் என் பழைய அலுவலகத்தில், புதிதாகச் சேர்ந்த பையனிடம் முதல் நாள் மதியச் சாப்பாட்டின்போது "மதுரையில் எந்தப் பக்கம்? எந்தத் தெரு?" என்று எதற்காகத் துருவினார்கள்? அவன் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பதில் தேடியதை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த வாரத்தில் இருந்து அவன் தன் மேசையிலேயே தனியாகச் சாப்பிட ஆரம்பித்தான். சியாட்டில் எல்லைக்குள் அவனுக்கு இப்போது ஒரு சட்டப் பிடிமானம் இருக்கிறது. ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் அண்டை ஊர்களான ரெட்மண்டிலும் பெல்வியூவிலும் இந்த நகரச் சட்டம் செல்லாது. கலிபோர்னியாவிலோ இதே நோக்கத்தோடு சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை அதே ஆண்டு அக்டோபரில் ஆளுநர் நிராகரித்துவிட்டார். ஆக, வேலை பாதியில் நிற்கிறது.

இளைய தலைமுறையில் கிர்மாய் சஹிலேயைக் கவனியுங்கள். எத்தியோப்பிய அகதிப் பெற்றோருக்குச் சூடானில் பிறந்து, தெற்கு சியாட்டிலின் அரசுக் குடியிருப்புகளில் வளர்ந்தவர். 2019இல் கவுண்டி மன்றத் தேர்தலில் அவர் தோற்கடித்தது யாரைத் தெரியுமா? நான் மேலே சொன்ன லாரி காசெட்டை. 2025இல் கவுண்டியின் தலைமை நிர்வாகியாகவே தேர்வாகிவிட்டார். மூத்தவர் என்ற மரியாதை ஒரு பக்கம், பதவி யாருக்கும் பட்டா இல்லை என்பது மறுபக்கம். எனக்கு இது நல்ல அறிகுறியாகவே படுகிறது.

நீங்களும் நானும் இங்கே வந்த கதையும் இதோடு ஒட்டியது. 1946 சட்டப்படி ஆண்டுக்கு நூறு இந்தியர்களுக்குத்தான் குடியேற்ற ஒதுக்கீடு. கறுப்பின மக்கள் அடிபட்டும் உயிர் கொடுத்தும் நடத்திய உரிமைப் போராட்டம் நாட்டின் மனசாட்சியை உலுக்கிய பிறகுதான், வாக்குரிமைச் சட்டம் வந்த அதே 1965இல், நாடுவாரி ஒதுக்கீட்டை நீக்கிய குடியேற்றச் சட்டமும் வந்தது. கறுப்பின மக்களைப் பற்றி நம்மவர்கள் சிலர் விருந்துகளில் இளக்காரமாகப் பேசுவதைக் கேட்க நேரும். தயவுசெய்து சிரித்துக் கடந்துவிடாதீர்கள்.

இனி சட்ட விஷயம். குடியுரிமை இல்லாமல் வாக்களிப்பது குற்றம். வாக்காளராகப் பதிவு செய்வதே ஆபத்து. ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது வாக்காளராகப் பதிவு செய்ய வேண்டுமா என்ற கேள்வி வந்தால் 'இல்லை' என்று தெளிவாகச் சொல்லுங்கள். தெரியாமல் செய்துவிட்டேன் என்று பிறகு சொன்னாலும் நாடு கடத்தல் வரை போகும். தேர்தல் நிதி என்று பத்து டாலர்கூடக் கொடுக்காதீர்கள். கிரீன் கார்டு வந்த பிறகுதான் அதற்கு அனுமதி.

நகர மன்றக் கூட்டத்தில் மக்கள் பேசும் நேரத்தில் யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துப் பேசலாம், குடியுரிமை கேட்கமாட்டார்கள். ஒன்றிரண்டு நிமிடம்தான் கிடைக்கும், எழுதி எடுத்துச் செல்லுங்கள். பஸ் வசதி, வாடகை, வேலையிடத்துச் சாதி என எது உங்களைச் சுடுகிறதோ அதையே பேசுங்கள். பிரசாரத்தில் சம்பளம் வாங்காத தொண்டராகக் கதவு தட்டவும், தொலைபேசியில் பேசவும் உங்கள் மனைவிக்குச் சட்டம் இடம் தருகிறது. பெட்ரோல் செலவு தவிர வேறு எந்தப் பணத்தையும் பரிசுக் கூப்பனையும் அவர்கள் நீட்டினாலும் வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தப் பெட்ரோல் செலவையும் நீங்களே பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது.