ஓனருங்க வருவாங்க போவாங்க, நாம எங்க போறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, எங்களுக்கு பல்லடம் பக்கம் கறிக்கோழிப் பண்ணைங்க. கோழிக் கம்பெனி வெங்கீஸ்காரங்க இங்கிலாந்துல ஒரு ஃபுட்பால் டீமையே வாங்கிட்டாங்கன்னு என்ற அப்பா சொல்லித்தான் பிளாக்பர்ன் ரோவர்ஸ் பாக்க ஆரம்பிச்சேன், இப்ப விட முடியல. ஆனா அங்க ரசிகருங்க ஓனரை வெளிய போங்கன்னு கத்தறாங்க. நான் எந்தப் பக்கம் நிக்கறது? – வாசகர், பல்லடம்

பதில்: டீம் பக்கம் நில்லுங்க தம்பி, அதுல யோசிக்கவே வேண்டாம். 1875ல ஆரம்பிச்ச கிளப் அது. 1888ல ஃபுட்பால் லீக்னு ஒண்ண தொடங்கின 12 டீம்ல ஒண்ணு, திருப்பூரை விடச் சின்ன ஊரு, அந்த ஊர்லயே இரும்பு வியாபாரத்துல சம்பாதிச்ச ஜாக் வாக்கர்னு ஒருத்தரு காசை இறைச்சு 1994-95ல இங்கிலாந்தோட மேல் டிவிஷனான பிரீமியர் லீக்கையே ஜெயிக்க வெச்சாரு. அவரு 2000ல காலமாயிட்டாரு. பத்து வருசம் கழிச்சு 2010 நவம்பர்ல சுமார் 23 மில்லியன் பவுண்டுக்கு வெங்கீஸ் குடும்பம் வாங்குச்சு, அடுத்த மாசமே சாம் அல்லார்டைஸ்ங்கற அனுபவசாலி மேனேஜரைத் தூக்கிட்டாங்க, 2012 மே மாசம் சொந்த கிரவுண்டுலயே விகன்கிட்ட தோத்து பிரீமியர் லீக்ல இருந்து கீழ டிவிஷனுக்கு எறங்கிட்டாங்க. அன்னிக்கு யாரோ ஒரு கோழிக்கு ரோவர்ஸ் கொடியப் போத்தி கிரவுண்டுக்குள்ள விட்டுட்டாங்க, அது புல்லுல நடந்த வீடியோவ பாத்து உலகமே சிரிச்சுது, ஆனா அந்த ஸ்டாண்டுல உக்காந்திருந்தவங்க முகத்தைப் பாருங்க, ஒருத்தருகூட சிரிக்கல. 2017ல மூணாவது டிவிஷன் வரைக்கும் போயி 2018ல ஒரு படி ஏறி வந்தாங்க.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். வருசா வருசம் விழற துண்டை அந்தக் குடும்பந்தான் கட்டுது. ஏன் துண்டு விழுதுன்னா, பிரீமியர் லீக்ல டிவி பணம் கொட்டும், ஒரு படி எறங்கினா அது போச்சு, ஆனா பிளேயர் சம்பளம் ஒப்பந்தப்படி ஓடிட்டே இருக்கும், எப்படியாவது திரும்ப மேல போயிடணும்னு அந்த டிவிஷன்ல பல கிளப்பு வர்ற வருமானத்துக்கு மேலயே சம்பளம் குடுக்குது, மிச்சத்துக்கு ஓனர் செக் போட்டாத்தான் மாசம் ஓடும். இந்தியாவுல நடந்த ஒரு விசாரணையால அந்தப் பணத்தை அனுப்பவே டெல்லி ஹைகோர்ட்டுல அனுமதி கேக்க வேண்டிய நிலைமையும் நடுவுல வந்துச்சு. ஒரே ஒரு வீட்டுச் செக்கை நம்பி நூத்தம்பது வருச கிளப் நிக்கறதுதான் எனக்கு பயமா இருக்கு. ஓனர் நல்லவரா கெட்டவராங்கறது அதுக்கு அப்புறந்தான்.

உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம், கறிக்கோழியில குஞ்சும் தீவனமும் கம்பெனியோடது, ஷெட்டு மட்டும் நம்முது. கம்பெனி போனா இன்னொரு கம்பெனி வரும், ஷெட்டு அடுத்தவன் பேருக்குப் போச்சுன்னா அத்தோட முடிஞ்சுது. ஃபுட்பால்ல ஷெட்டுன்னா கிரவுண்டு. டெர்பி கவுன்ட்டியப் பாருங்க, அதுவும் அந்த 12 டீம்ல ஒண்ணுதான். அன்னிக்கிருந்த ஓனர் 2018ல கிரவுண்டை 81 மில்லியன் பவுண்டுக்கு தன்னோட இன்னொரு கம்பெனிக்கே வித்து கணக்குல லாபம் காட்டினாரு, 2021ல கிளப்பு கடன் கட்ட முடியாம திவால் நிர்வாகத்துக்குப் போச்சு, தண்டனையா மொத்தம் 21 பாயின்ட் கழிச்சு கீழ எறக்கி விட்டாங்க, கடைசில 2022ல டெர்பிக்காரர் ஒருத்தரு, டேவிட் க்ளவ்ஸ்னு பில்டரு, கிரவுண்டையும் வாங்கி கிளப்பையும் வாங்கினதாலதான் பொழைச்சுது. ஷெஃபீல்டு வென்ஸ்டேவும் இதே மாதிரி கிரவுண்டை ஓனர் கம்பெனிக்கு வித்த டீம்தான், 2025 அக்டோபர்ல அதுவும் திவால் நிர்வாகத்துக்குப் போயிருச்சு.

அதனால தம்பி, ஓனர் போனாப் போதும்னு மட்டும் கத்தாதீங்க. அடுத்து வர்றவன் யாரு, கிரவுண்டு யார் பேர்ல இருக்கு, இதைக் கேளுங்க. பல்லடத்துல இருந்தாலும் ரசிகருங்களே சேந்து நடத்தற டிரஸ்டுல மெம்பராகலாம், அந்தக் கேள்வியெல்லாம் அங்கதான் உருப்படியா கேக்கறாங்க.

கேள்வி: கடன் வாங்கினது ஓனரு. பாயின்ட்டை கழிச்சா அழுவறது ரசிகருங்க. இது நியாயமாங்க சார்? – வாசகி, ஈரோடு

பதில்: நியாயமில்லைங்கம்மா, ஆனா ரூல் வந்ததுக்கு காரணம் இருக்கு. 2002ல லெஸ்டர் சிட்டி திவால் நிர்வாகத்துக்குப் போயி கடனைப் பெருசா கொறைச்சுக்கிட்டு, அதே சீசன்லயே பிரீமியர் லீக்குக்கும் ஏறிட்டாங்க, ஒழுங்கா பில்லு கட்டின டீமெல்லாம் கொதிச்சுப் போயித்தான் பாயின்ட் கழிக்கற ரூலு வந்துச்சு. எனக்கு கோவம் வர்றது வேற எடத்துல. திவாலானா பிளேயர் சம்பளமும் மத்த கிளப்புக்கு குடுக்க வேண்டியதும் முழுசா குடுத்தாகணும், சாப்பாடு போட்டவரு, பிரின்ட் அடிச்சவரு எல்லாம் கடைசி வரிசை. 2010ல போர்ட்ஸ்மத் கவுந்தப்ப பாக்கி வர வேண்டியவங்க லிஸ்ட்டுல செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ்கூட இருந்துச்சு, அடிபட்டவனை ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போறவங்க!

ஆனா அதே போர்ட்ஸ்மத்ல ரசிகருங்க ஒரு ஷேருக்கு 1000 பவுண்டு போட்டு 2013 ஏப்ரல்ல கிளப்பை வாங்கினாங்க, ஒரே ஆளால முடியாதவங்க பத்து பேரா சேந்து ஒரு ஷேரு எடுத்தாங்க. 2017ல நாலாவது டிவிஷனை ஜெயிச்சதுக்கு அப்புறம் அவங்களே ஓட்டு போட்டு ஒரு பணக்காரருக்கு வித்தாங்க. அதையும் நான் தப்புன்னு சொல்ல மாட்டேன், யாருக்கு விக்கறோம்னு அவங்க கையில இருந்துச்சு பாருங்க.

எல்லாருக்கும் அந்த குடுப்பினை இல்ல. பரி எஃப்.சி. 1885ல ஆரம்பிச்ச கிளப், 1903ல இங்கிலாந்தோட பழைய நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கப் ஃபைனல்ல 6-0னு ஜெயிச்ச டீமு, 2018 டிசம்பர்ல வெறும் 1 பவுண்டுக்கு கை மாறுச்சு. 2019 ஆகஸ்ட் 27ஆம் தேதி கிளப்பை வேற ஆளுக்கு விக்கற டீல் முடியப் போகுது, மேட்ச் நடக்கும்னு நம்பி ஊர்க்காரங்க தொடப்பமும் துணியும் தூக்கிட்டு வந்து ஸ்டேடியத்தைக் கூட்டி சீட்டெல்லாம் தொடைச்சு வெச்சாங்க. அன்னிக்கு ராத்திரியே லீக்ல இருந்து தூக்கிட்டாங்க.

கேள்வி: ஓனர் மேல கோவத்துல ஸ்டேடியத்துக்குப் போகாம இருந்தா அது துரோகந்தானே? – வாசகர், பொள்ளாச்சி

பதில்: எனக்கு அப்படித் தோணலைங்க. இங்கிலாந்துல பிளாக்பூல் ரசிகருங்க ஓனருக்கு இனி ஒரு காசு கூட இல்லைன்னு வருசக்கணக்குல சொந்த கிரவுண்டுக்குள்ள கால் வெக்கல, கேட்டுக்கு வெளிய நின்னாங்க. 2019ல கோர்ட்டு மூலமா ஓனர் கையை விட்டுப் போனதும் அடுத்த ஹோம் மேட்சுக்கு மொத்தமா திரும்பி வந்தாங்க.

கேள்வி: எங்க பனியன் கம்பெனியில கொல்கத்தா பையன் ஒருத்தன், ஈஸ்ட் பெங்கால்னா உசுரு. இன்வெஸ்டர் மாறிட்டே இருந்தா எப்படி பையா டீம் நிக்கும்னு பொலம்பறான். அவனுக்கு என்ன சொல்லட்டும்? – வாசகர், திருப்பூர்

பதில்: அந்தப் பையனுக்குத் தெரியாததா நான் சொல்லப் போறேன்! 1920 ஆகஸ்ட் 1ல பொறந்த கிளப் அது. 2018ல குவெஸ், 2020ல ஸ்ரீ சிமென்ட், 2022ல எமாமின்னு நாலே வருசத்துல மூணு கம்பெனி. நடுவுல 2021ல ஸ்ரீ சிமென்ட்டோட கடைசி ஒப்பந்தத்துல கையெழுத்து போடறதா வேண்டாமாங்கற சண்டையில, கிளப் வாசல்ல ரசிகருங்க ரெண்டு கட்சியா நின்னு போலீஸ் தடியடி வரைக்கும் போச்சு. கையெழுத்து போட்டா கிளப் உரிமையே கை மாறிடும்னு ஒரு கூட்டம், போடலைன்னா லீக்ல ஆடவே முடியாதுன்னு இன்னொரு கூட்டம், ரெண்டு பேரு சொன்னதுலயும் பாசம் இருந்துச்சு. 2024 ஜனவரியில சூப்பர் கப் ஜெயிச்சப்ப 12 வருசம் கழிச்சு வந்த பெரிய கோப்பை அது. எதிர்வீட்டு மோகன் பகான்ல, கூட சேந்த இன்னொரு டீமோட பேரான ஏ.டி.கே.ன்னு முன்னால ஒட்டினதை எடுக்கச் சொல்லி விடாம போராடி 2023ல எடுக்க வெச்சாங்களே, அதைச் சொன்னா பையன் மூஞ்சி சுளிப்பான், ஆனாலும் சொல்லுங்க. பேரைக் காப்பாத்தறதும் சப்போர்ட்டுதான்.

கேள்வி: நம்ம கோயம்புத்தூர் சாம்பியன் டீம் எங்கீங்க போச்சு? – வாசகர், கோவை

பதில்: சென்னை சிட்டியைத்தான கேக்கறீங்க, இந்தக் கேள்வி வந்தப்ப மனசு ஒரு மாதிரி ஆயிருச்சுங்க. 2019 மார்ச் 9, நேரு ஸ்டேடியம், மினர்வா பஞ்சாப் ஆரம்பத்துலயே கோல் போட்டுட்டாங்க, அந்தப் பக்கம் கோழிக்கோட்டுல ஈஸ்ட் பெங்கால் ஜெயிச்சா கப்பு அவங்களுக்குப் போயிடும், அப்புறம் பெட்ரோ மான்சி பெனால்டி, கௌரவ் போரா ரெண்டு கோலு, 3-1. சென்னை சிட்டி 43 பாயின்ட், ஈஸ்ட் பெங்கால் 42. தமிழ்நாட்டுல இருந்து ஐ-லீக்ங்கற தேசிய லீக்கை ஜெயிச்ச முதல் டீமு, அதுவும் நம்ம ஊரு கிரவுண்டுல. அதே வருசம் ஸ்விட்சர்லாந்து கிளப்பு எஃப்.சி. பேசல் 26 சதவீதம் பங்கு வாங்குச்சு, இனி எங்கியோ போகப் போறோம்னு நெனச்சோம். 2021-22 சீசன்ல ஐ-லீக் லிஸ்ட்டுல அந்தப் பேரே இல்ல.

கொல்கத்தாவுல தெருவுல எறங்கினாங்க, பரியில தொடப்பம் எடுத்தாங்க, நாம ஒரு போர்டு கூட எழுதிப் பிடிக்கல. அதுக்காக ரசிகரைக் குத்தம் சொல்ல மாட்டேன், கைதட்டறதைத் தவிர அந்த டீம்ல நமக்குன்னு எதுவும் இல்ல, பேரு சென்னையோடது, கிரவுண்டு சர்க்காரோடது, முடிவெல்லாம் ஓனரோடது. அதனால நாளைக்கு யாராவது இங்க டீம் கொண்டு வந்தா, ஸ்டேடியம் எத்தன வருச ஒப்பந்தம், பேருல நம்ம ஊரு இருக்குதா, ரசிகருங்க சார்பா நிர்வாகத்துல ஒரு நாற்காலி உண்டா, இதை மொதல் டிக்கெட் வாங்கறதுக்கு முன்னாடியே கேட்டுப் போடுங்க. உண்டுன்னு சொன்னா மெம்பர்ஷிப் காசோட நானும் கியூவுல நிப்பேன்.