மஞ்சளாக இருப்பதெல்லாம் ஆவாரம்பூ அல்ல

கேள்வி: கோடை விடுமுறையில் மதுரையிலிருந்து தென்காசிக்குக் காரில் போனோம். டீ குடிக்க நிறுத்திய இடமெல்லாம் மஞ்சள் பூக்கள். பிள்ளைகள் பெயர் கேட்க, எல்லாமே ஆவாரம்பூ என்று சொல்லிச் சமாளித்தேன். எப்படிப் பிரித்தறிவது?

பதில்: சில இடங்களில் சரியாகவே சொல்லியிருப்பீர்கள், தென்மாவட்டச் சாலையோரங்களில் ஆவாரைக்குக் குறைவில்லை. ஆனால் ஆவாரை, துத்தி, நெருஞ்சி மூன்றுமே மஞ்சள், மூன்றுக்கும் ஐந்து இதழ். பூவை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். இலையையும் காயையும் பாருங்கள்.

ஆவாரை புதர்ச்செடி. புளிய இலை மாதிரி சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக, சற்றுப் பெரிதாக இருக்கும். இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தில் காது மடல் போல ஒரு சின்ன இலை ஒட்டியிருக்கும். அறிவியல் பெயரில் 'ஆரிகுலேட்டா' என்று வருவது அந்தக் காதைத்தான். காய் தட்டை, காய்ந்தால் பழுப்புக் காகிதம் போலச் சலசலக்கும்.

துத்தி இலை வெற்றிலை வடிவம், தொட்டால் வெல்வெட். காய் பல்சக்கரம் போல இருக்கும். காலையில் போனால் மொட்டுதான். பிற்பகலுக்கு மேல்தான் பூ விரியும். நெருஞ்சி தரையோடு படரும். செருப்பில்லாமல் நடந்தால் அதுவே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்.

நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது பிரமதண்டு. இதுவும் மஞ்சள்தான், ஆனால் இதழ் பெரும்பாலும் ஆறு, கசங்கிய டிஷ்யூ தாள் போல இருக்கும். சாம்பல் பூத்த பச்சை இலை, வெள்ளை நரம்பு, ஓரமெல்லாம் முள். கிள்ளினால் மஞ்சள் பால் வரும். விதை பார்க்கக் கடுகு மாதிரி, ஆனால் நஞ்சு. 1998-இல் டெல்லியில் இதன் எண்ணெய் கலந்த கடுகெண்ணெயைச் சாப்பிட்டுப் பலர் இறந்தார்கள். பிள்ளைகள் காயை உடைத்து விளையாட விடாதீர்கள். எருக்கும் அப்படித்தான், அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

வெள்ளையில் ஒரு குழப்பம் உண்டு. நீண்ட காம்பின் நுனியில் ஒற்றைப் பூ, நடுவில் மஞ்சள் என்றால் மூக்குத்திப்பூ, பயமில்லை. கேரட் இலை போலக் கிழிந்த இலையும் கொத்துக் கொத்தாகப் பொடிப் பூவும் என்றால் பார்த்தீனியம். சிலருக்கு அதைத் தொட்டாலே அரிக்கும்.

அப்புறம், அடுத்த முறை போனில் படம் எடுக்கும்போது பூவோடு நிறுத்தாமல் இலை, காய், முழுச் செடி என்று தனித்தனியாக எடுத்து அனுப்புங்கள். பூவை மட்டும் அனுப்பினால் நானும் தடுமாறுவேன்.