ஆற்றில் மரத்தைப் போடலாமா?

கேள்வி: அமெரிக்காவில் சால்மன் மீனுக்காக ஆற்றில் மரங்களைக் கொண்டுவந்து போடுகிறார்களாமே? நாங்கள் தோட்டத்து ஆற்றில் விழுந்ததை எல்லாம் இழுத்து வெளியே போடுகிறோம்!
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: உண்மைதான் அம்மா. சால்மன் கூழாங்கற்களுக்குள் முட்டையிடும். வண்டல் மூடினால் முட்டைக்கு மூச்சு முட்டும். கிடக்கும் மரம் நீரின் வேகத்தைத் தணித்து, கல்லைத் தேக்கி, குஞ்சுகள் ஒதுங்க மடு பறிக்கும். அமெரிக்காவின் கிளாமத் ஆற்றில் மீனின் வழியை மறித்த நான்கு அணைகளையே அகற்றினார்கள். 2024இல் வேலை முடிந்த சில வாரங்களில் சால்மன் மேலே ஏறிவிட்டது!

நம் மலேசிய ஆறுகளின் கெலா மீனும் தெளிந்த, கல் நிறைந்த ஓடையைத்தான் விரும்பும். ஆனால் பாலத்தடியை அடைக்கும் மரத்தை எடுத்துவிடுங்கள், தொழிலாளர் லயத்து வீடுகளுக்குள் வெள்ளம் வந்துவிடும். கரை விளிம்புவரை செம்பனை நடுவது எனக்குப் பிடிப்பதேயில்லை. அங்கே காட்டுமரம் வளரட்டும், மண் சரிவது குறையும்.