பத்திரம் கையில் இருந்தால் போதுமா? சொத்து வழக்கில் ஆவணச் சான்று: கேள்வி பதில்

இருபத்திரண்டு வருடங்களாக மாவட்ட உரிமையியல் நீதிமன்றங்களில் சொத்து வழக்குகள் நடத்தி வருகிறேன். நியாயம் தன் பக்கம் இருந்தும், பத்திரத்தைச் சரியாகக் கொண்டுவராததால் நிலத்தை இழந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் வந்த கேள்விகளுக்கு விவரமாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. 1872-ஆம் வருட இந்திய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அந்தத் தேதிக்கு முன்பே நிலுவையில் இருந்த வழக்குக்குப் பழைய சட்டம்தான். பிரிவு எண்கள் மாறினாலும் பத்திரங்களைப் பற்றிய அடிப்படை விதிகள் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கின்றன.

அப்பா இறந்ததும் 1994-ல் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் அண்ணன் தம்பி மூவரும் 20 ரூபாய் பத்திரத்தில் பாக முச்சலிகை (பாகப்பிரிவினைச் சீட்டு) எழுதிக்கொண்டோம். பதிவு செய்யவில்லை. இப்போது அண்ணன் மகன்கள் பாகமே பிரியவில்லை என்று வழக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தச் சீட்டு செல்லுமா?

சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு வினைச்சொற்களை மட்டும் படித்துப் பாருங்கள். "கிழக்கு வீடும் கிணற்றில் மூன்றில் ஒரு பாகமும் இன்று முதல் இளையவர் அடைந்துகொள்ள வேண்டியது" என்று இருந்தால், உரிமையை உண்டாக்குவதே அந்தக் காகிதம்தான். 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள அசையாச் சொத்தில் உரிமை உண்டாக்கும் பத்திரத்தைப் பதிவுச் சட்டம் 17-ஆவது பிரிவின்படி கட்டாயம் பதிய வேண்டும். பதியாவிட்டால், 49-ஆவது பிரிவின்படி பாகத்தை நிரூபிக்க அதைப் பயன்படுத்த முடியாது.

"சென்ற தை மாதம் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டபடி அவரவர் பாகத்தை அனுபவித்து வருகிறோம், ஞாபகார்த்தமாக இதை எழுதிக்கொண்டோம்" என்று இருந்தால் கதை வேறு. நடந்து முடிந்த பாகத்தைக் குறித்துவைக்கும் சீட்டுக்குப் பதிவு தேவையில்லை. இதை உச்ச நீதிமன்றம் 1976-லேயே தெளிவுபடுத்திவிட்டது.

முதல் வகைச் சீட்டுதான் உங்களிடம் இருக்கிறது என்றால் மனம் தளர வேண்டாம். யார் எந்த இடத்தை எந்த முறையில் அனுபவித்து வந்தார்கள் என்பது போன்ற துணைக் காரியத்துக்கு அதைக் காட்டலாம். ஆனால் அதற்கும் முத்திரைத் தீர்வை (ஸ்டாம்ப் கட்டணம்) சரியாக இருக்க வேண்டும். பதிவுக் குறைக்கு இந்தச் சலுகை உண்டு, முத்திரைக் குறைக்குக் கிடையாது. முத்திரைச் சட்டம் 35-ஆவது பிரிவு, தீர்வை குறைந்த ஆவணத்தை எந்தக் காரியத்துக்கும் ஏற்கக் கூடாது என்கிறது. குறைந்த தீர்வையோடு அதன் பத்து மடங்கை அபராதமாகக் கட்டினால் கோர்ட்டிலேயே அதைக் குறியீடு (சான்றாவணமாக எண் கொடுத்து மார்க்) செய்யலாம். மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பும்படி கேட்டால், அபராதத்தைக் குறைக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. தொகை பெரிதாக இருந்தால் இந்த வழியை உங்கள் வக்கீலிடம் கட்டாயம் பேசுங்கள்.

அப்புறம், உங்களுக்குச் சகோதரி உண்டா? அவர் கையெழுத்துப் போடாத முச்சலிகை அவர் பங்கைக் கட்டுப்படுத்தாது. இதை மறைத்து வழக்கு நடத்தாதீர்கள்.

அந்த மாதிரிச் சீட்டின் அசல் தொலைந்துவிட்டது. ஜெராக்ஸுக்கு அபராதம் கட்டலாமா?

முடியாது. அபராதம் கட்டிச் சரிசெய்யும் வழி அசலுக்கு மட்டும்தான். அசலில் தீர்வை குறைவு என்றால் அதன் நகலை எதைக் கட்டியும் காப்பாற்ற முடியாது.

தாத்தா வாங்கிய தாய்ப்பத்திரம் காணவில்லை. வீட்டில் ஜெராக்ஸ் மட்டும் இருக்கிறது.

பதிவான பத்திரம்தானே? சார் பதிவாளர் அலுவலகத்தில் நகல் மனு போட்டுச் சான்றிட்ட நகல் வாங்குங்கள். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், அப்படி வாங்கிய பழைய கிரயப் பத்திர நகலை இரண்டாம் நிலைச் சான்றாக (அசலுக்குப் பதிலான சான்றாக) ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொல்லியிருக்கிறது. வெறும் ஜெராக்ஸுக்கு அந்தத் தகுதி இல்லை. அசல் என்ன ஆனது, இந்த நகல் எதிலிருந்து எடுத்தது என்பதற்கெல்லாம் சாட்சியம் தர வேண்டும். அசல் எதிராளி கையில் இருந்தால், அதைத் தாக்கல் செய்யச் சொல்லி முதலில் நோட்டீஸ் கொடுங்கள்.

பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் சித்தப்பா பெயரில். பத்திரம் எங்கள் பெயரில். யாருக்கு நிலம்?

பட்டா வருவாய்த்துறைப் பதிவுதான், அது மட்டும் உரிமையைத் தராது. 1980-களில் யு.டி.ஆர். (நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் திட்டம்) நடந்தபோது பெயர் தவறி ஏறிய புல எண்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் அனுபோகத்துக்கு அது நல்ல சான்று, அலட்சியம் வேண்டாம். ஜமீன், இனாம் ஒழிப்பின்போது செட்டில்மெண்ட் தாசில்தார் விசாரித்துக் கொடுத்த ரயத்துவாரிப் பட்டாவுக்கு இதைவிட எடை அதிகம். சித்தப்பாவிடம் இருப்பது எந்தப் பட்டா என்று பாருங்கள்.

2019-ல் போட்ட கிரய அக்ரிமெண்டைப் பதியவில்லை. கோர்ட்டில் எடுபடுமா?

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிய வேண்டும். ஆனாலும் கிரயம் எழுதித் தரச் சொல்லும் வழக்கில் பதியாத ஒப்பந்தத்தைச் சான்றாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் தீர்ப்பளித்தது. மூன்று வருடக் காலவரம்பு தாண்டிவிட்டதா என்பதுதான் உங்கள் உண்மையான கவலையாக இருக்க வேண்டும்.

பாட்டியின் உயில் 1985-ல் பதிவானது. முப்பது வருடம் ஆனதால் சாட்சி வேண்டாம் என்கிறார்கள்.

தவறு. முப்பது வருடப் பத்திரத்தின் கையெழுத்தைச் சாட்சி இல்லாமலே உண்மை என்று எடுத்துக்கொள்ளும் அனுமானம் உயிலுக்குப் பொருந்தாது. பதிவான உயில் என்றாலும் சான்றொப்பமிட்ட இரண்டு சாட்சிகளில் ஒருவராவது கூண்டேற வேண்டும். இருவரும் காலமாகிவிட்டால், ஒரு சாட்சியின் கையெழுத்தையும் பாட்டியின் கையெழுத்தையும் அடையாளம் காட்டக்கூடியவரைத் தேடுங்கள். சாட்சி உயிரோடு இருந்து வயதானவராக இருந்தால், இந்த மாதமே கோர்ட் நியமிக்கும் ஆணையர் மூலம் சாட்சியம் பதிவு செய்ய மனு போடுங்கள்.

எதிராளி ஒரு ஜெராக்ஸை மார்க் செய்துவிட்டார். எங்கள் வக்கீல் எதுவும் சொல்லவில்லை. இனி என்ன செய்வது?

எனக்கு மிகவும் வலிக்கும் கேள்வி இது. தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம் ஒரு விதவைத் தாயின் வழக்கில் நானும் அப்படி வாய்மூடி இருந்தேன். பெஞ்ச் கிளார்க் சீல் குத்தி, "பி.சா.ஆ. 4" (பிரதிவாதி தரப்புச் சான்றாவணம் 4) என்று எழுதி, நீதிபதி சுருக்கொப்பம் போட அரை நிமிடம்கூட ஆகவில்லை. அந்த அரை நிமிடத்தில் எழுந்து "ஆட்சேபணை" என்று சொல்லியிருக்க வேண்டும். மேல்முறையீட்டில் நான் வாதாடியபோது, அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை.

2003-ல் ஒரு கோயில் சொத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பிரித்துச் சொன்னது. பதிவில்லாத கிரயப் பத்திரம் போல ஆவணமே ஏற்கத் தகாதது என்றால், மேல்முறையீட்டிலும் கேட்கலாம். அசலுக்குப் பதில் நகல் என்பது போல நிரூபிக்கும் முறையில் குறை என்றால், தாக்கலாகும் நேரத்திலேயே சொல்லியாக வேண்டும். அப்போது சொல்லியிருந்தால் எதிராளிக்கு அசலைத் தேடிக் கொண்டுவர வாய்ப்பு இருந்திருக்கும், அதுதான் காரணம். முத்திரைக் குறை பற்றிய ஆட்சேபணையையும் குறியீடு ஆகும் முன்பே எழுப்ப வேண்டும். ஆன பிறகு அதே வழக்கில் கேட்க முடியாது என்கிறது முத்திரைச் சட்டம் 36-ஆவது பிரிவு.

ஆனால் குறியீடு ஆனதாலேயே ஒரு பத்திரம் நிரூபணம் ஆகிவிடாது. அதில் எழுதியிருப்பது உண்மையா, கையெழுத்து அவருடையதா என்று குறுக்கு விசாரணையில் கேட்கும் உரிமை உங்களுக்கு இன்னும் இருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள்.

முன்பணம் வாங்கியதை ஒப்புக்கொண்டு எதிராளி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைக் காட்டலாமா?

காட்டலாம். ஸ்கிரீன்ஷாட்டைப் பிரிண்ட் எடுத்து வைத்தால் மட்டும் போதாது. புதிய சட்டம் 63-ஆவது பிரிவின்படியான சான்றிதழும் வேண்டும். அதில் ஒரு பகுதியை நீங்களும் இன்னொரு பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும், ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கணினிக் குறியீடு) குறிக்க வேண்டும். வழக்கு முடியும் வரை அந்தப் போனை விற்காதீர்கள், செய்தி எதையும் அழிக்காதீர்கள்.