மரம் ஆறடி, கிளை எங்கே?

கேள்வி: ஆன்லைனில் ஆறடி கிறிஸ்துமஸ் மரம் வாங்கினேன். படத்தில் புதர் மாதிரி இருந்தது. வந்ததோ நடுக்கம்பி தெரிகிற எலும்புக்கூடு. ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஏமாற்றிவிட்டார்கள். இதில் எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் உண்டு, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். பெட்டியில் கொட்டை எழுத்தில் போடுவது உயரத்தை மட்டும்தான். அதையும் ஸ்டாண்டின் அடியிலிருந்து, உச்சியில் ஒற்றையாக நீட்டிக்கொண்டிருக்கும் குச்சி வரை அளந்திருப்பார்கள். மரம் அடர்த்தியா இல்லையா என்பதைச் சொல்வது கிளை நுனிகளின் எண்ணிக்கை. அது பொடி எழுத்தில் எங்கோ இருக்கும், பல சமயம் இருக்கவே இருக்காது. முந்நூறு நுனி வைத்த ஆறடி மரமும் உண்டு, ஆயிரம் தாண்டியதும் உண்டு. நான் முதலில் வாங்கிய மரத்தில் 220. வேறு வேலையில்லாமல் உட்கார்ந்து எண்ணினேன்.

இலையிலும் ஒரு சூது இருக்கிறது. பிவிசி தாளை நறுக்கிச் செய்தது தட்டையாக, ஜிகினாக் கயிறு போல இருக்கும். பாலிஎத்திலீனை அச்சில் வார்த்தது நிஜ இலை போலவே இருக்கும், விலையும் கூடுதல். இரண்டையும் கலந்து விற்கும் மரங்களில், விளம்பரப் படத்தில் பளிச்சென்று தெரிவது வார்ப்பு இலைதான்.

பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். விளம்பரப் படத்தையும் வீட்டு மரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பி, திருப்பி எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால், மரத்தை மூலையில் நிறுத்தி, பின்பக்கக் கிளைகளையெல்லாம் முன்னால் வளைத்துவிடுங்கள். நடுக்கம்பியில் பச்சை ஜிகினாவைச் சுற்றினால் பாதிக் குறை மறைந்துவிடும்.

கேள்வி: தள்ளுபடியில் ஆறு செட் சீரியல் லைட் வாங்கி பால்கனியில் கட்டினேன். முதல் மழையிலேயே மூன்று போய்விட்டது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார்.

பதில்: தூசி, தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் குறியீடாக, பெட்டியில் ஐபி20 என்று போட்டிருந்ததா? அது வீட்டுக்குள் மாட்டுவதற்கு மட்டும். இரண்டாவது எண்தான் தண்ணீருக்கானது. பூஜ்யம் என்றால் பாதுகாப்பே இல்லை. வெளியே கட்ட ஐபி44 ஆவது வேண்டும். ஆறு பெட்டி வாங்கினீர்களே, ஒன்றையாவது திருப்பிப் பார்த்திருக்கக் கூடாதா? ஐபி20 என்று இருந்தால் கடைக்காரர் மேல் தப்பில்லை. மிச்சம் மூன்றையும் இன்றைக்கே உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்.

கேள்வி: எல்இடியில் எந்த வெள்ளை நல்லது?

பதில்: வார்ம் ஒயிட், அதாவது மஞ்சள் கலந்த வெள்ளை. ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் எண் 2700 முதல் 3000 வரை இருக்கட்டும். ஒரு வருடம் வெறும் ‘ஒயிட்’ என்று இருந்ததை நம்பி, நீலம் கலந்த 6500 கெல்வின் வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்தவர், ‘ஆபரேஷன் எத்தனை மணிக்கு?’ என்று கேட்டார்.

கேள்வி: குட்டி குண்டு பல்பு நூறு வைத்த பழைய சரம் இன்னும் எரிகிறது. கரண்ட் மிச்சமாகும் என்று எல்இடிக்கு மாறலாமா?

பதில்: பழையது சுமார் 40 வாட், எல்இடி சுமார் 5 வாட். தினம் ஐந்து மணி நேரம், ஒரு மாதம் எரித்தாலும் மிச்சமாவது ஐந்து யூனிட் சொச்சம். கரண்டுக்காக என்றால் அவசரமில்லை. ஒயர் வெடித்திருந்தாலோ, உறை உரிந்திருந்தாலோ மட்டும் கணக்குப் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள். அந்த பல்புகள் சூடாகும், காகித நட்சத்திரத்துக்குள் வைக்க வேண்டாம்.

கேள்வி: பட்டன் பேட்டரி போட்ட குட்டி மெழுகுவர்த்தி விளக்குகள் மலிவாகக் கிடைக்கின்றன. வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது.

பதில்: வேண்டாம். விழுங்கிய பேட்டரி இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

கேள்வி: அலங்காரச் சாமான் எப்போது வாங்கினால் மலிவு?

பதில்: டிசம்பர் 26, அடுத்த வருடத்துக்காக. ஆனால் வாங்கியதை எங்கே வைத்தோம் என்பது ஞாபகம் இருக்க வேண்டும். என்னிடம் ஒரே மாதிரி நட்சத்திரம் மூன்று சேர்ந்தது அப்படித்தான்.