ஃப்ராஸ்ட் கப்பலேறியபோது கையில் என்ன இருந்தது?

கேள்வி: பதினான்கு வருடமாகப் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். வயது 38. இரவில் கவிதை எழுதுகிறேன். அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்ட் இதே வயதில் வாத்தியார் வேலையை உதறிவிட்டு இங்கிலாந்து போய், மறுவருடமே புத்தகம் போட்டதாகப் படித்தேன். நானும் ராஜினாமா கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். கொடுத்துவிடலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். நீங்கள் படித்தது பொய்யில்லை. ஆனால் கப்பலேறும் காட்சியிலிருந்துதான் கதையை ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்னால் நடந்த இருபது வருடம்தான் உங்களுக்குத் தேவை.

ஃப்ராஸ்டின் முதல் கவிதை 1894-இல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் வந்தது. சன்மானம் 15 டாலர். அப்போது அவருக்கு இருபது வயது. முதல் தொகுப்பு வந்ததோ 1913-இல், 39 வயதில். இடைப்பட்ட காலத்தில் ஹார்வர்டில் சேர்ந்து பட்டம் வாங்காமலே விலகினார். மூத்த மகனைப் பறிகொடுத்தார். நியூ ஹாம்ப்ஷயரின் டெரி என்ற ஊரில் தாத்தா வாங்கிக் கொடுத்த பண்ணையில் கோழி வளர்த்தார். பிற்பாடு புகழ்பெற்ற கவிதைகளில் கணிசமானவை அந்தப் பண்ணை வீட்டில், பிள்ளைகள் தூங்கிய பிறகு, சமையலறை மேசையில் எழுதப்பட்டவை.

ஆசிரியர் வேலை கிடைத்ததே ஒரு கவிதையால்தான். 1906-இல் டெரி தேவாலயக் கூட்டம் ஒன்றில் அவருடைய கவிதை வாசிக்கப்பட்டது. அந்தக் கவிதையில், புல் அறுத்தவன் ஒரு பூங்கொத்தை மட்டும் வெட்டாமல் விட்டுப் போயிருக்கிறான். பின்னால் புல்லைப் புரட்டிக் காயவைக்க வருகிறவன் அதைப் பார்த்து, தான் தனியாக இல்லை என்று உணர்கிறான். கூச்சம் தாங்காமல், அதை ஃப்ராஸ்ட் வாசிக்கவில்லை. வேறொருவர்தான் எழுந்து வாசித்தார். அதன்பின் உள்ளூர் பிங்கர்டன் அகாடமியில் ஆங்கில ஆசிரியரானார்.

அங்கே அவர் கடனுக்குப் பாடம் நடத்தவில்லை. மாணவர்களை வைத்து 1910-இல் மட்டும் ஐந்து நாடகங்கள் போட்டார். எல்லோரும் அனுபவித்த, ஆனால் புத்தகங்களில் அதிகம் வராத விஷயத்தை எழுது என்பதே அவர் மாணவர்களுக்குச் சொன்ன வழி. அவர் கவிதைகளில் கற்சுவரை எடுத்துக்கட்டும் அண்டை வீட்டுக்காரர்களும், வயதாகி வேலையாளாய்த் திரும்பி வந்து சாகிற கிழவனும் வந்தது அப்படித்தான். வகுப்பறை அவருடைய நேரத்தைத் தின்றது, அதை மறுக்கமாட்டேன். பேச்சை உற்றுக் கேட்கும் காதைக் கொடுத்ததில் அந்த வகுப்பறைக்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

இனி பணம். தாத்தா உயிலில் எழுதி வைத்தபடி வருடத்துக்கு 500 டாலர், பத்து வருடம் கழிந்தபின் 800 டாலர் அவருக்கு வந்துகொண்டிருந்தது. பண்ணையை 1911-இல் விற்றார். மறுவருடம் ஆகஸ்டில் மனைவி எலினோர், நான்கு பிள்ளைகளோடு கப்பலேறியபோது அந்தத் தொகை கையில் இருந்தது. எழுதி முடித்த கவிதைக் கட்டும் கூடவே போனது. லண்டன் பதிப்பாளர் சீக்கிரமே ஒப்புக்கொண்டார் என்றால், காட்டுவதற்குக் கட்டு தயாராக இருந்ததுதான் காரணம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அடுத்து எழுதும் புத்தகங்களையும் முதலில் தங்களுக்கே தரவேண்டும் என்று அந்தப் பதிப்பகம் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியது. அமெரிக்கா திரும்பியபின் அது அவருக்குப் பெரிய தலைவலியானது. உங்கள் முதல் ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொன்றையும் பலர் சொல்வதில்லை. 1915-இல் ஊர் திரும்பியவர் 1917-இல் ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் மறுபடியும் ஆசிரியராகச் சேர்ந்தார். பிறகு மிச்சிகன், ஹார்வர்ட், டார்ட்மவுத் என்று கடைசிவரை கல்வி நிலையங்களோடு இருந்தார். நான்கு புலிட்சர் பரிசுகளும் (1924, 1931, 1937, 1943) வந்தது இந்தக் காலத்தில்தான். கற்பித்தலை அவர் நிரந்தரமாக விட்டுவிடவில்லை. கவிஞராகப் பெயர் வந்தபின், பாட வேளைகளைத் தனக்கு ஏற்றபடி குறைத்துக்கொண்டார்.

ஆகவே ராஜினாமாவுக்கு முன் இரண்டு கணக்கு போடுங்கள். சம்பளம் இல்லாமல் குடும்பம் எத்தனை மாதம் தாங்கும்? திருத்தி முடித்த கவிதைகள் எத்தனை? ஐம்பது தேறவில்லையென்றால் ஒரு கோடை விடுமுறையை முழுசாக இதற்கே ஒதுக்குங்கள். தேறினால் நீண்ட விடுப்புக்கு விதியில் இடமிருக்கிறதா என்று அலுவலகத்தில் கேளுங்கள்.

தேறுவதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஃப்ராஸ்ட் சொன்ன சோதனை ஒன்று இருக்கிறது. மூடிய கதவுக்கு அப்பால் இருவர் பேசினால் சொற்கள் விளங்காது; ஆனாலும் அது சண்டையா, கெஞ்சலா, கேலியா என்பது குரலின் ஏற்ற இறக்கத்திலேயே தெரிந்துவிடும். அந்தத் தொனி வரியில் ஏறியிருக்க வேண்டும் என்றார். இன்று இரவு வீட்டில் ஒருவரைப் பக்கத்து அறையில் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு, உங்கள் கவிதை ஒன்றைச் சாதாரணக் குரலில் வாசியுங்கள். என்ன மனநிலையில் பேசினீர்கள் என்று அவரைக் கேளுங்கள். சரியாகச் சொல்லிவிட்டால் அந்தக் கவிதையைக் கட்டில் சேர்த்துவிடுங்கள்.